அடுத்தவனின் தாலந்து



இன்றைய நற்செய்தியில் தாலந்து உவமையை வாசித்து முடித்ததும் நம்மில் பலருடைய மனம் அந்த மூன்றாவது பணியாளனிடம்தான் போயிருக்கும். மற்ற இருவரும் ஐந்தைப் பத்தாக்கினார்கள், இரண்டை நாலாக்கினார்கள். இவன் தன் ஒரு தாலந்தைக் குழி தோண்டி மூடிவிட்டு வந்தான். ஒன்றுதானே வைத்திருந்தான் என்று அதைச் சின்னதாக நினைக்கவேண்டாம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். அந்தக் காலத்துக் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் ஒரு தெனாரியம். கிட்டத்தட்ட இருபது வருட உழைப்பு மண்ணுக்குள் கிடந்தது.

மத்தேயு சொல்வது தன் தாலந்தைத் தானே புதைத்தவனைப் பற்றி. உவமையில் வராத இன்னொரு கூட்டம் உண்டு: அடுத்தவனுடைய தாலந்தைப் பறித்துப் புதைத்தவர்கள். இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரம். 1884 மார்கழியில் அங்கே ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் செயின்ட் எல்மோ பிரேடி. அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு இருபது வருடம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடமும் புகையிரதப் பெட்டியும் கறுப்பருக்கு வேறு, வெள்ளையருக்கு வேறு என்று தென் மாநிலங்கள் பிரித்துவைத்த நாடு. விடுதலையான அடிமைகளுக்கென்று நாஷ்வில் நகரில் தொடங்கிய ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் தோமஸ் டாலி என்ற கறுப்பின ஆசிரியர் அவருக்கு இரசாயனத்தை அறிமுகப்படுத்தினார். 1908 இல் பட்டம் பெற்றதும் பிரேடி அலபாமாவிலுள்ள டஸ்கீகி என்ற கறுப்பினக் கல்லூரிக்குப் படிப்பிக்கப் போனார். ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் அங்கேதான் இருந்தார். அடிமையாகப் பிறந்து, நம்முடைய கச்சானை வைத்து நூற்றுக்கணக்கான பொருட்களுக்கு வழி சொன்ன அதே கார்வர்.

பின்வரிசையில் சிலர் முகத்தைச் சுழிப்பது தெரிகிறது. பூசையில் சாமியார் இரசாயனம் படிப்பிக்கிறாரே என்று. கானாவூரில் தண்ணீர் திராட்சை இரசமானதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதினமா?

1912 இல் இலினோய் பல்கலைக்கழகம் பிரேடியை மேற்படிப்புக்கு எடுத்தது. 1916 இல் இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம். அமெரிக்காவில் இரசாயனத்தில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். இலினோயில் தாம் படித்த வகுப்பைப் பற்றிப் பிற்காலத்தில் தம் மாணவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாராம்: தொடங்கும்போது இருபது வெள்ளையரும் இன்னொருவனும், முடிக்கும்போது ஆறு வெள்ளையரும் இன்னொருவனும் என்று. அந்த 'இன்னொருவன்' என்ற சொல்லில் எத்தனை வருட அவமானம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். என்றாலும் அவர் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார்.

பட்டத்தோடு அவர் எங்கே போனார் என்பதுதான் எனக்கு முக்கியம். திரும்பி டஸ்கீகிக்கே போனார். 1920 இல் வாஷிங்டனிலுள்ள ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் இரசாயனத் துறைக்குத் தலைவரானார். 1927 இல் தாம் படித்த ஃபிஸ்க்குக்கு வந்து 25 வருடம் இருந்தார். கறுப்பினக் கல்லூரிகளில் இரசாயனத்துக்கான முதல் பட்டப்பின் படிப்பை அங்கே தொடக்கினார். 1952 இல் ஓய்வு. அதற்குப் பிறகும் வீட்டில் இருக்கவில்லை. மிசிசிப்பியில் டூகலூ என்ற சிறிய கறுப்பினக் கல்லூரிக்குப் போய் அங்கேயும் ஒரு இரசாயனத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966 இல், நத்தார் தினத்தன்று இறந்தார். அவர் போன இடமெல்லாம், குழிக்குள் தள்ளி மூடப்பட்ட தாலந்துகளைத் தோண்டியெடுக்கிற வேலைதான் நடந்தது.

இனி நம்முடைய பக்கம் வருவோம். பிரேடி டஸ்கீகியில் படிப்பித்துக்கொண்டிருந்த 1917 ஆம் ஆண்டில், நம் தீவிலிருந்து பண்ணைக் கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரிக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியர் வந்தார். வயது 25. கிழக்கே காரைதீவில் பிறந்த மயில்வாகனம். அதற்கு முன் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயன உதவியாசிரியர். சைவர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் அவரைப் படிப்பித்ததும் கத்தோலிக்கக் குருக்கள், யாழ்ப்பாணத்தில் வேலை கொடுத்ததும் கத்தோலிக்கக் குருக்கள். அந்தக் குருக்கள் செய்ததில் எனக்குப் பெருமை உண்டு. பின்னாளில் அவர் காவி உடுத்து சுவாமி விபுலாநந்தர் ஆனார்.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். பகலில் பல்கலைக்கழகம், பின்னேரத்தில் பக்கத்திலிருந்த திருவேட்களம் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம். அந்தக் காலத்தில் ஒரு பேராசிரியர் சேரிக்குள் கால் வைப்பதென்றால் என்ன பேச்சு எழுந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கும் அவரே தலைமை தாங்கினார். விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்கி, ஆங்கிலம் தெரியாத வீட்டுப் பிள்ளையும் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்ற முயற்சி அது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வகுப்பில் நிலத்தில் இருத்தினார்கள். சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று கட்டளை வந்தபோது, கொடுத்த பள்ளிக்கூடங்கள் சிலவற்றுக்கு நெருப்பு வைத்தார்கள். வாங்கில் இருக்க வந்த பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்த சமூகம் நாம். கிறிஸ்தவ ஆலயங்கள் மட்டும் சுத்தமாக இருந்தனவா? நம் ஆலயங்களிலும் யார் எங்கே இருப்பது என்று சாதி பார்த்துத்தான் இடம் பிரித்தோம். அலபாமாவைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? அந்தப் பிள்ளைகளுக்குள்ளே எத்தனை பிரேடி இருந்தார்கள் என்பதை ஆண்டவர்தான் அறிவார். ஆண்டவர் கணக்குக் கேட்க வரும்போது, என் தாலந்தைப் பத்திரமாக வைத்திருந்தேன் என்று மட்டும் சொன்னால் போதாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாலந்து எங்கே என்றும் கேட்பார்.

1990 இல் போரினால் நம்முடைய இந்தத் தீவே இடம்பெயர்ந்தது. பள்ளிக்கூடமும் படிப்பும் எத்தனை பேருக்கு அத்தோடு நின்றுபோயின என்று உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்து குடியேறிய வீடுகளில் இன்றைக்கும் தகப்பனோடு வலை இழுக்கப் போய்விட்டு வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளை இருக்கிறான். பாலம் தாண்டி நகரத்து ரியூசனுக்கு அனுப்பக் காசில்லாத தாய் இருக்கிறாள். அவனுக்குப் படிப்பு ஏறாது என்று நாம்தான் முடிவு கட்டுகிறோம். ஏறுமா ஏறாதா என்று பார்க்கவாவது ஒருவர் அவனோடு இருக்க வேண்டாமா?

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிற இளையோரே, இப்படியான பிள்ளைகளுக்குப் படிப்பிக்க உங்களிடம் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் கேட்கிறேன். கனடாவிலும் பிரான்சிலும் உள்ள சொந்தங்கள் திருநாளுக்குப் பணம் அனுப்பும்போது, வெடிக்கும் மின்விளக்குக்கும் போகிறதில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் புத்தகத்துக்குத் தரச்சொல்லிப் பெற்றோர் நீங்கள் கேளுங்கள். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பங்கு மண்டபம் திறந்திருக்கும். சைவப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எந்தத் தெருப் பிள்ளை என்று யாரும் கேட்கக்கூடாது. படிப்பிக்க விரும்புகிறவர்கள் பூசை முடிந்ததும் வாசலில் நிற்கும் மறையாசிரியரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.