விலையைச் சொல்லும் குரல்

சிறுதொழில் செய்பவர்களில் வேலை தெரியாதவர்கள் குறைவு. தையற்காரருக்குத் துணி வசப்பட்டிருக்கும். ஊறுகாய் போடுபவருக்கு உப்பும் காரமும் அளந்து பார்க்காமலே கைக்கு வரும். அவர்கள் சறுக்குவது வேறு இரண்டு இடங்களில். தன் வேலையைப் பற்றி நாலு பேரிடம் எடுத்துச் சொல்ல வாய் வருவதில்லை. அதற்கான விலையைக் கேட்கும்போது குரல் இறங்கிவிடுகிறது. இவை இரண்டும் தனித்தனிக் குறைகள் போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். ஒரு பொருளைச் செய்து முடிக்க உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று தெரியாதவர், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார். அந்த முகம் சுருங்கினால் ஐம்பது ரூபாய் குறைகிறது. "நீங்க பாத்துக் குடுங்க" என்பது பணிவாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் பல நேரம் அதற்குப் பின்னால் இருப்பது எழுதப்படாத கணக்கு.

வணிகக் குடும்பங்களில் இந்தத் தயக்கம் குறைவாக இருப்பதற்குக் காரணம் பிறவிக்குணம் அல்ல, பழக்கம். அங்கே பிள்ளைகள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்கிறார்கள். விலை சொல்வதையும், பேரம் மறுப்பதையும், மறுத்த பிறகும் வாடிக்கையாளரிடம் முகம் கோணாமல் பேசுவதையும் பத்து வயதிலேயே பார்த்துவிடுகிறார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் பையன்கள் பெட்டியடியில் சேர்ந்து, கணக்கு எழுதிப் பழகி, பிறகே மேலே வந்தார்கள். தென்மாவட்ட நாடார் வணிகர்கள் மகமை என்ற பெயரில் வியாபாரத்தில் ஒரு பங்கை ஒதுக்கிப் பொது நிதி சேர்த்தார்கள், பள்ளிகள் நடத்தினார்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அறிவும் முதலும் சமூகத்துக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருந்தன. வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மெஷினைப் போட்டுத் தொழில் தொடங்கும் முதல் தலைமுறைப் பெண்ணுக்கு இவை எதுவும் கிடைத்ததில்லை. காசைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது நாகரிகமில்லை, தன்னைத் தானே மெச்சிக்கொள்ளக் கூடாது என்ற இரண்டு பாடங்கள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டவை. குடும்பத்துக்குள் அவை நல்ல பாடங்களாக இருக்கலாம். வாடிக்கையாளர் முன்னால் அவற்றுக்கு வேலை இல்லை.

தையலையே எடுத்துக்கொள்ளலாம். லைனிங் வைத்த ஒரு பிளவுஸுக்கு 350 ரூபாய் கூலி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். லைனிங் துணி, நூல், ஊக்கு, கேன்வாஸ் எல்லாம் சேர்த்து 90 ரூபாய். மின்சாரம், மெஷின் சர்வீஸ், உடையும் ஊசி, வாடகையில் ஒரு பங்கு என்று 30 ரூபாய். மீதி 230. இதை லாபம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் இதில் வெட்ட அரை மணி, தைக்க இரண்டு மணி, ஹெம்மிங் செய்து ஊக்கு வைக்க அரை மணி என்று மூன்று மணி நேர உழைப்பு இருக்கிறது. அதற்கு மேல் கணக்கில் வராத நேரம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் கொண்டுவந்த அளவு பிளவுஸ் இரண்டு வருடம் பழையதாக இருக்கும். தைத்துக் கொடுத்த பிறகு "கைப்பக்கம் கொஞ்சம் பிடிக்குதுக்கா" என்று திரும்பி வரும். பிரித்துத் தைக்க இன்னும் அரை மணி போகும். மூன்றரை மணிக்கு 230 என்றால் மணிக்கு ஏறக்குறைய 65 ரூபாய். இது தையற்காரரின் கூலி மட்டுமே. தொழிலுக்கு என்று இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. மோட்டார் எரிந்துபோனாலோ, ஆடியில் வேலை குறைந்தாலோ தாங்குவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

உழைப்பவராகத் தனக்கு உரிய கூலியும், முதல் போட்டு ஆபத்தைச் சுமப்பவராகத் தொழிலுக்கு உரிய லாபமும் வேறுவேறு. இரண்டையும் பிரித்து எழுதாத வரை தொழில் ஓடுவது போலவே இருக்கும். நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லி எண்ணத் தொடங்குவது பழைய வழக்கம்; இன்றைய பல கடைகளில் லாபம் என்பது எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சினால் பார்க்கலாம் என்ற நிலையில் இருக்கிறது. கல்லாவில் இருந்து பால் கார்டுக்கும் பிள்ளையின் டியூஷனுக்கும் எடுப்பது எழுதப்படுவதில்லை. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, மாதம் ஒரு தேதியில் அதிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் நிலையான தொகை என்ற இரண்டு ஏற்பாடுகள் போதும். மூன்று மாதத்தில் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். யுபிஐ வந்த பிறகு வரவு தானாகவே பதிவாகிறது. செலவைத்தான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

கணக்கு கைக்கு வந்ததும் முதலில் கண்ணில் படுவது தள்ளுபடியின் ஆபத்து. நூறு ரூபாய் அடக்கமுள்ள பொருளின்மேல் 25 சதவீதம் வைத்து 125க்கு விற்பவர், தீபாவளிக்கு 20 சதவீதத் தள்ளுபடி போர்டு மாட்டினால் 100க்கு விற்கிறார், அதாவது அசலுக்கு. தனக்கு இன்னும் 5 சதவீதம் நிற்கிறது என்று நம்பிக்கொண்டே விற்கிறார். வைத்த 25 அடக்கத்தின் மீது. கழித்த 20 விற்பனை விலையின் மீது. 10 சதவீதம் மட்டும் குறைத்தால் விலை 112.50; லாபம் 25இல் இருந்து 12.50 ஆகப் பாதியாகிறது. பழைய லாபத்தைப் பார்க்க இரண்டு மடங்கு சரக்கு விற்றாக வேண்டும். சிறிய கடையில் அவ்வளவு கூட்டம் வருவதில்லை, வந்தாலும் சமாளிக்க ஆளில்லை. பெரிய ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடியைப் பார்த்துச் சின்னக் கடையும் போர்டு மாட்டுவது வீண் வேலை. அவர்கள் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் விலை வேறு.

விலை ஏற்றுவதற்கும் இதே கணக்கு துணை நிற்கும். மாதம் 60 பிளவுஸ் தைக்கும் அந்தத் தையற்காரருக்கு, ஒன்றுக்கு 230 வீதம் 13,800 ரூபாய் கிடைக்கிறது. கூலியை 420 ஆக்கினால் ஒன்றுக்கு 300 நிற்கும். 46 பிளவுஸிலேயே அதே 13,800 வந்துவிடும். பதினான்கு பிளவுஸ் குறைந்தாலும் வருமானம் குறையாது, முதுகுவலிதான் குறையும். இதைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு, "பக்கத்துத் தெருவுல முந்நூறுதான் வாங்குறாங்க" என்ற பேச்சு பழையபடி உறைக்காது. சித்திரை முதல் தேதியில் இருந்து புதிய கூலி என்று ஒரு மாதம் முன்பே சுவரில் எழுதி ஒட்டிவிட்டால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்றாட வேண்டியதில்லை.

அடுத்தது, தன் வேலையை எடுத்துச் சொல்வது. பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்ற பேச்சு சின்னத் தொழில்களுக்குச் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. பூ வாசம் தெருக்கோடி வரைதான் போகும். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், ஷாம்பு போன்ற பொருள்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்து எளியவர்களுக்கும் எட்டும் விலையில் கொடுக்கலாம் என்று முன்னதாகவே சிந்தித்தவர். அவருக்குப் பொருள் செய்யத் தெரிந்த அளவுக்கு விற்கத் தெரியவில்லை என்பது அவருடைய மகன் சி.கே. ரங்கநாதனே பலமுறை சொல்லியிருக்கும் செய்தி. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயுடன் தனியாகத் தொடங்கி, அப்பாவின் பெயரில் இருந்து எழுத்தெடுத்துச் சிக் ஷாம்பு என்று பெயர் வைத்தார். அது பின்னாளில் கெவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது. ஷாம்பு பழக்கமில்லாத கிராமங்களில் அவருடைய ஆட்கள் பேசிக்கொண்டிருக்கவில்லை. நாலு பேர் பார்க்க ஒரு பையனின் தலையை அலசிக் காட்டி, முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். எந்த ஷாம்புவின் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் சிக் ஒன்று இலவசம் என்றார்கள். கொஞ்ச காலம் கழித்து, சிக் பாக்கெட்டுக்கு மட்டுமே என்று மாற்றினார்கள்.

இதில் தற்புகழ்ச்சி எங்கேயும் இல்லை. செய்து காட்டினார்கள், பார்த்தவர் முடிவெடுத்தார். தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவருக்கு இது நல்ல வழி, ஏனென்றால் பேச்சு ஆளைவிட்டுப் பொருளுக்கு நகர்ந்துவிடுகிறது. 'தரமான, சுவையான, பாரம்பரியமான' என்ற மூன்று சொற்களும் எல்லாப் பொடிப் பாக்கெட்டிலும் இருக்கின்றன, எவரும் படிப்பதில்லை. 'செவ்வாய்க்கிழமை வறுத்து அரைத்தது, இரண்டு மாதம் வரை வைக்கலாம், பூண்டு சேர்க்கவில்லை' என்று எழுதினால் பூண்டு சாப்பிடாத வீட்டுக்காரர் உடனே எடுப்பார். தையற்காரர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பூங்கொத்தும் காலை வணக்கமும் போடுவதைவிட, ஆரி வேலை பாதியில் நிற்கும் ஒரு கழுத்துப் பகுதியை அருகிலிருந்து படமெடுத்து, 'இந்தக் கழுத்துக்கு மூன்று நாள், கூலி இவ்வளவு' என்று போடுவது நாலு ஆர்டர் கொண்டுவரும். விலையையும் சேர்த்துப் போடுவதில் இன்னொரு நன்மை, பேரத்துக்கென்றே வருபவர் வருவதற்கு முன்பே விலகிவிடுகிறார். கூகுள் மேப்பில் கடையின் இடம், திறக்கும் நேரம், சரியான செல்போன் எண் மூன்றையும் ஏற்றுவதற்குக் காசு கேட்பதில்லை. ஆனால் ஞாயிறு விடுமுறை என்பதைப் போடாமல் விட்டு, வந்தவரைப் பூட்டிய கதவின் முன் நிறுத்தும் கடைகள் ஏராளம்.

சொல்வதற்கு ஓர் எல்லையும் உண்டு. உணவுப் பொருள் ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. சர்க்கரை நோய்க்குச் சிறுதானியக் கஞ்சி மாவு என்று அட்டையில் அச்சடிப்பவர்கள் இதை அறியாமல் செய்கிறார்கள். இயற்கை விளைபொருள் என்று சொல்லி விற்கவும் பொதுவாக உரிய சான்று வேண்டும். மறுபக்கம், சட்டம் லேபிளில் கேட்கும் எடை, தேதி, முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ எண் ஆகியவற்றைச் சுமையாக நினைக்க வேண்டியதில்லை. முகவரியைத் தெளிவாக அச்சிடும் வீட்டுத் தயாரிப்பாளர்மீது முதல்முறை வாங்குபவருக்கு நம்பிக்கை வருவது அங்கிருந்துதான்.

விற்று, நல்ல விலையும் பேசி, பணம் வராமல் போகிற இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. கடைக்குச் சரக்குப் போடுபவர்களும், பெரிய நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளும் இதில் அதிகம் நசுங்குகின்றன. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இதற்காகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ பெற்றவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும்; ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை வாங்கியவர் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். இதற்கு வேண்டிய உத்யம் பதிவு இலவசம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அவர்களுடைய உத்யம் பதிவு முன்னுரிமைக் கடனுக்கானது.

இவ்வளவு இருந்தும் வட்டி கேட்டு எழுதுபவர்கள் சிலரே. ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஒரே நிறுவனத்தை நம்பி இருக்கும் பட்டறைக்கு அந்தப் பயத்தை வெல்லும் வழி சட்டப் புத்தகத்தில் இல்லை, இரண்டாவது மூன்றாவது வாடிக்கையாளரைத் தேடுவதில் இருக்கிறது. அதுவரைக்கும் செய்யக்கூடியது, பில்லின் அடியிலேயே பணம் சேர வேண்டிய தேதியையும் உத்யம் எண்ணையும் அச்சடித்துவிடுவது. கேட்க வேண்டியதைப் பில்லே கேட்டுவிட்டால், தேதி கடந்த மறுநாள் போன் செய்து, "பத்தாம் தேதி வரவேண்டிய பணம் சார், இன்னும் வரலை" என்று சொல்வதற்கு அதிகத் துணிச்சல் தேவைப்படாது.