நோய் தீர்த்தார்க்கு ஆற்றும் கைம்மாறு

நோய் தீர்த்த மருத்துவனுக்கு நோயுற்றான் ஆற்றற்பாலதாய கைம்மாறு யாது? அதனை மருத்துவன் ஏற்றல் தகுமோ, தகாதோ? இவ்விரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

மருணீக்கியார் சூலைநோயால் வருந்தித் திருவதிகை யடைந்தபோது, தமக்கையார் திலகவதியார் திருவைந்தெழுத்தோதித் திருநீறளித்துத் திருக்கோயிலுட் புகுவித்தார். இறைவனருளாற் சூலை நீங்கிற்று. அம்மையார் அதற்கொரு பயன் வேண்டினாரல்லர். அப்பரோ பெற்ற பேற்றை மறந்தாரல்லர். உழவாரங் கைக்கொண்டு தலந்தோறும் திருத்தொண்டாற்றினார். உதவினார்பால் எதிர்நோக்காமையும், பெற்றார்பால் மறவாமையும் கூடியவழியே அறம் நிரம்பும் என்க.

இனி, இக்காலத்துத் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையை நோக்குமின். ஆண்டுள்ள சிப்காட் தொழிற்பேட்டை போல்வனவற்றில் உழைப்பாருள் ஈ.எஸ்.ஐ. திட்டத்துட்பட்டார் பலர். 2019 ஜூலை முதல், ஊதியம் நூறு ரூபாய்க்குத் தொழிலாளியிடம் 75 காசும், ஆலையாரிடம் 3 ரூபாய் 25 காசும் அத்திட்டத்திற்குப் பெறப்படுகின்றன. ஆதலின், அத்தொழிலாளி மருத்துவமனை வாயிலில் இரந்து நிற்பானல்லன். அவன்பால் அன்பளிப்பென்னும் பெயரால் யாரேனும் பொருள் எதிர்பார்ப்பின், அது கூலிமேற் கூலி கொள்ளுதலேயாம்.

அற்றேல், பிணி நீங்கினான் அன்பாற் கொணரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் மறுத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. பொருளின் அளவன்று, அது பிறந்த நெஞ்சே ஆராயத்தக்கது. மருந்து பெறுமுன் கொடுப்பது அச்சத்திற் பிறந்தது. அதனை ஏற்று ஒருவனை முன்னே அழைப்பின், ஒன்றுங் கொணராத ஏழையின் முறை கவரப்படும். நலம் பெற்றபின் கொடுப்பதோ, கொடாதார்க்கும் அதே மருத்துவம் கிடைக்குமாயின், நன்றியின் அடையாளமாம். அதனை அங்குள்ளாரனைவர்க்கும் பகிர்ந்தளித்தல் மருத்துவனுக்கு அழகு.

மருத்துவர்க்கென 2002-ஆம் ஆண்டில் வகுத்த ஒழுக்க விதிகள், நோயாளரைப் பிறரிடம் அனுப்புதற்குத் தரகு பெறுதலை விலக்கின. மருந்து நிறுவனத்தார் தரும் பரிசில்களை 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கிற்று. விதி கையைத் தடுக்கும். உள்ளத்தெழும் எதிர்பார்ப்பை அறவுணர்வே தடுத்தல் வேண்டும்.

மருத்துவன் சில நோயை அறுத்தும், சில நோயை இனியன ஊட்டியும் தீர்த்தல்போல, இறைவன் இன்ப துன்பங்களை நுகர்வித்து வினையறுப்பன் என்பது சிவஞானசித்தியார் காட்டும் உண்மை. அப்பெருமருத்துவன் நம்பால் விலை கொள்வானல்லன். அவற்கு நாம் கொடுக்கத்தக்கதும் ஒன்றில்லை. ஆகலின், நலம்பெற்றான் தன் நன்றியை மற்றொரு நோயாளன்பாற் செலுத்துக. துணையற்றானுக்கு ஒரு குவளை வெந்நீர் கொணர்தலும், இயன்றவழிக் குருதிக்கொடை அளித்தலும் உழவாரத் தொண்டின் வழிப்பட்டனவே. அத்தகைய கைம்மாற்றை ஏற்பதில் எம்மருத்துவனுக்கும் இழுக்கில்லை.

திருச்சிற்றம்பலம்.