இரத்தம் சிந்தினால்தான் உரிமையா?

தன் முன்னோருக்குத் தீங்கிழைத்த ஓர் அரசின் சீருடையை ஒருவர் அணியலாமா? அணிந்து சேவையாற்றித் திரும்பிய பின்னர், அதே அரசமைப்பின் சட்டசபையில் அமர்ந்து அதன் குறைகளைக் கண்டிக்கலாமா? முதலாவதைச் செய்பவரை இனத் துரோகி என்பர் சிலர். இரண்டாவதைச் செய்பவரை நன்றி கெட்டவர் என்பர் வேறு சிலர்.

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு பெண்மணி இவ்விரண்டையும் செய்திருக்கிறார். ஜேம்சீற்றா பெஷ்லக்காய் என்பது அவர் பெயர். நவஹோ இனத்தவர், கமரன் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். வளைகுடாப் போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவத்தில் சேவை புரிந்தவர். 2013 முதல் 2015 வரை மாநிலப் பிரதிநிதிகள் சபையிலும், 2017 முதல் 2021 வரை மாநிலச் செனற் சபையிலும் அங்கம் வகித்தார். அச்செனற் சபைக்குத் தெரிவான முதல் ஆதிக்குடிப் பெண் அவரே. அவருடைய வழி சரியானதா என்று தீர்மானிக்குமுன், அவருடைய மக்களின் கதையைச் சற்றே நோக்குவோம்.

மறக்க முடியாத நடை

பழைய பாடப்புத்தகங்கள் ‘செவ்விந்தியர்’ என்று கூறிய மக்களுள் நவஹோ மக்களும் அடங்குவர். அவர்கள் தம்மைத் ‘தினே’ என்று அழைப்பர். ‘மக்கள்’ என்பதே அதன் பொருள். 1863, 1864ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படை அவர்களது சோள வயல்களை எரித்தது; பீச் பழத் தோட்டங்களை வெட்டி வீழ்த்தியது; ஆடுமாடுகளைக் கொன்றது. பட்டினியால் சரணடைந்த எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர், நியூ மெக்சிக்கோவின் கிழக்கேயுள்ள பொஸ்கே ரெடொண்டோ முகாமுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலும் முகாமிலும் பெருந்தொகையானோர் மாண்டனர். 1868 யூன் 1ஆந் திகதி செய்யப்பட்ட உடன்படிக்கையின் பின்னரே எஞ்சியோர் தாய்மண்ணுக்குத் திரும்பினர்.

அதன் பின்னர் அரசாங்க விடுதிப் பாடசாலைகள் வந்தன. அங்கே தாய்மொழியில் கதைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர்.

ஆயினும் 1942ஆம் ஆண்டு, உலக மகாயுத்தத்தின் நடுவே, அதே மொழியைத் தேடி அரசு வந்தது. பகைவர் எந்தச் சங்கேத மொழியையும் உடைத்துவிடும் நிலையில், கடற்படைச் சிறப்புப் படையணி 29 நவஹோ வாலிபரைச் சேர்த்து, அவர்களின் மொழியிலேயே ஒரு சங்கேதத்தை உருவாக்கச் செய்தது. யுத்த தாங்கிக்கு ‘ஆமை’ என்றும், நீர்மூழ்கிக்கு ‘இரும்பு மீன்’ என்றும், கைக்குண்டுக்கு ‘உருளைக்கிழங்கு’ என்றும் பெயரிட்டார்கள். 1945இல் ஐவோ ஜீமாத் தீவுப் போரின் முதல் இரண்டு நாட்களில் மாத்திரம் எண்ணூறுக்கு மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றி அனுப்பினார்கள். யுத்தம் முடிந்த பின்னும் அந்தச் சங்கேதம் 1968 வரை இரகசியமாகவே இருந்தது. எனவே தாம் செய்ததை அவர்கள் வெளியே சொல்லவும் முடியவில்லை.

உரிமை கூலியல்ல

இப்போது கேள்வியின் நெஞ்சுக்கு வருவோம். வெற்றியோடு வீடு திரும்பிய அரிசோனா நவஹோ வீரர்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. 1924இலேயே ஆதிக்குடிகள் எல்லோரும் அமெரிக்கப் பிரசைகள் என்று சட்டம் கூறிவிட்டது. ஆனால் ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் ஆதிக்குடிகள் அரசின் ‘பராமரிப்பில் உள்ளோர்’ என்றும், ஆகவே வாக்களிக்கத் தகுதியற்றோர் என்றும் அரிசோனா உயர்நீதிமன்றம் 1928இல் தீர்த்தது. துப்பாக்கி ஏந்தத் தகுதியுண்டு, வாக்குச் சீட்டை ஏந்தத் தகுதியில்லை என்றாயிற்று!

1947இல் ஃபோர்ட் மக்டவல் ஆதிக்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த பிராங்க் ஹரிசன் என்பவரும் ஹரி ஒஸ்ரின் என்பவரும் வாக்காளராகப் பதியச் சென்று மறுக்கப்பட்டனர்; வழக்குத் தொடர்ந்தனர். ஹரிசன் உலக யுத்தத்தில் போராடியவர். “நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவனுக்கு வாக்கு இல்லையா?” என்ற கேள்வி யாருடைய மனத்தையும் தொடும். ஆனால் 1948இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தபோது, அதன் அடிப்படை அதுவன்று. ‘பராமரிப்பில் உள்ளோர்’ என்ற சட்டச் சொல் ஆதிக்குடிகளுக்குப் பொருந்தாது என்பதே அடிப்படை. ஆகவே போருக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் கதவு ஒன்றாகவே திறந்தது.

இந்த வேறுபாடு சிறியதன்று. வாக்குரிமை இரத்தத்துக்குக் கிடைக்கும் கூலியானால், வீட்டிலிருந்து ஆடு மேய்த்த தாய்க்கு என்ன கிடைக்கும்? முடவருக்கும் முதியவருக்கும் என்ன கிடைக்கும்? உண்மையில், அந்தத் தீர்ப்பின் பின்னும் முதியவர் பலர் வெளியே நிறுத்தப்பட்டனர். அரசியலமைப்பை ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிந்தவரே அரிசோனாவில் வாக்காளராகலாம் என்ற விதி, 1970இல் மத்திய அரசின் சட்டம் தடுக்கும்வரை இருந்தது. யுத்தத்தை வெல்ல உதவிய மொழியை மட்டுமே அறிந்திருந்த பாட்டி, அந்த மொழியை மட்டுமே அறிந்திருந்த காரணத்தால் வாக்களிக்க முடியாதிருந்தார்.

மனிதனுடைய மாண்பு அவன் செய்த சேவையால் உண்டாவதில்லை. சேவைக்கு முன்னரே அது அவனிடம் உண்டு. அப்படியானால் சேவையால் பயன் என்ன? அது உரிமையைப் படைப்பதில்லை. உரிமை மறுக்கப்பட்டிருப்பதை எல்லோர் கண்ணுக்கும் தெரியச் செய்கிறது. வேறெதற்கும் செவிசாயாதவர்களையும் கேட்க வைக்கிறது.

இருவகை விசுவாசம்

போர்வீரனின் விசுவாசம் வேறு, சட்டசபை உறுப்பினரின் விசுவாசம் வேறு. வீரனிடம் எதிர்பார்க்கப்படுவது கீழ்ப்படிவு. உறுப்பினரிடம் எதிர்பார்க்கப்படுவதோ வாய் திறத்தல். பிழையைப் பிழை என்று சொல்லாத உறுப்பினர், காவலிலே உறங்கிய வீரனுக்கு ஒப்பானவர். மெய்யியலின் தந்தையருள் ஒருவரான சோக்கிரற்றீஸ், ஏதென்ஸ் நகருக்காகப் பல போர்க்களங்களில் நின்றவர். அவரே கி.மு. 406இல் சபை அங்கத்தவராக இருந்தபோது, தளபதிகளைச் சட்டத்துக்கு மாறாக ஒன்றாக விசாரிக்கும் பிரேரணைக்கு இணங்க மறுத்தார். போர்க்களத்தில் நின்றதும் சபையில் மறுத்ததும் ஒரே நகரின்மேல் கொண்ட பற்றினால்தான்.

இந்த அளவுகோலால் பார்த்தால் பெஷ்லக்காய் அம்மையார் துரோகியுமல்லர், நன்றி கெட்டவருமல்லர். சீருடையை அணிய மறுக்கும் மனச்சான்றும் மதிப்புக்குரியதே. ஆனால் அணிந்தவர், தம் முன்னோரின் துயரை மறந்துவிட்டார் என்று முடிவு செய்ய எமக்கு உரிமையில்லை. தாம் காக்கச் சென்றது தம் மண்ணையே என்று நவஹோ வீரர் பலர் கூறியிருக்கின்றனர்.

ஆபத்து வேறோரிடத்தில் உண்டு. அரசுகள் பாராட்டுக்குத் தாராளம், நீதிக்குச் சிக்கனம். சங்கேத வீரர்களை நினைவுகூரும் ஓகஸ்ட் 14ஆந் திகதியை மாநிலம் சட்டப்படி கொண்டாட வேண்டுமென 2021இல் மசோதா கொண்டுவந்தவர் பெஷ்லக்காய் அம்மையாரே. அது நிறைவேறியது; நல்லதே. ஆனால் அவரது ஊரான கமரன் அமைந்துள்ள பிரதேசத்தில், நவஹோ, ஹோப்பி மக்களிடையிலான காணிப் பிணக்கைக் காரணங் காட்டி, 1966 முதல் 2009 வரை மத்திய அரசு புதிய கட்டடங்களையும் வீதிகளையும் தடுத்து வைத்திருந்தது. ஒழுகும் கூரையைத் திருத்துவதும் அங்கே இலேசாக இருக்கவில்லை. அணுகுண்டுக்காக யுரேனியம் தோண்டிக் கைவிடப்பட்ட 500க்கு மேற்பட்ட சுரங்கங்கள் நவஹோ நிலத்தில் உண்டு. குழாய் நீரில்லாத வீடுகளும் ஏராளம். 1868 உடன்படிக்கை அவர்களுக்குத் தண்ணீர் பெற்றுக் கொடுக்க நடவடிக்கை எடுக்குமாறு அரசைக் கட்டாயப்படுத்தவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல், ஐந்துக்கு நான்கு என்ற வாக்குகளால் தீர்ப்பளித்தது.

இவற்றுட் பல மாநிலச் சட்டசபையின் கைக்கு எட்டாதவை. முப்பது பேர் கொண்ட செனற் சபையில், அதுவும் சிறுபான்மைக் கட்சியில், ஒருவர் எதைச் சாதிக்கலாம் என்று கேட்கலாம். சில வேளைகளில் அவரால் முடிந்தது வாக்கில் தோற்பது மட்டுமே. ஆனால் தோற்ற வாக்கும் ஏட்டிலே பதியப்படுகிறது. முன்னொரு காலத்தில் அவர் இனத்தவரின் பெயர் வாக்காளர் ஏட்டிற்கூட இடம்பெற முடியாதிருந்தது என்பதை மறத்தலாகாது.

எம் பிள்ளைகளுக்கு நாம் நன்றியைக் கற்பிக்கிறோம், கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் நன்றி என்பது வாய்மூடி இருப்பதன்று என்பதையும் கற்பிப்போமாக. நாட்டுக்கு உழைத்தவரைக் கௌரவிப்பது அழகு. உழைக்க வாய்ப்பே பெறாத ஏழைக்கும் உரியதைக் கொடுப்பது நீதி. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும் சமுதாயம், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது.