மூத்தவரின் நாற்காலி

புதிய பாராளுமன்றம் ஒன்று முதல் தடவையாகக் கூடும்போது அதற்குத் தலைவர் கிடையாது. தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கே கூடுகிறார்கள். ஆனால் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கும் யாராவது தலைமை வகித்தாக வேண்டும். இந்தச் சிறு முடிச்சை ஈராக்கின் 2005ஆம் வருஷத்து அரசியல் சட்டம் ஒரு பழைய வழியில் அவிழ்க்கிறது. அங்கத்தினர்களில் வயதில் மூத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து முதல் கூட்டத்தை நடத்துவார். தலைவர் தேர்வானதும் எழுந்து போய்விடுவார். வேறு பல நாடுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. நிர்வாக சௌகரியம் என்பதற்கு மேல் இதைப் பற்றி நான் யோசித்ததில்லை. பின்னால் யோசிக்க நேர்ந்தது. மதப்பிரிவுகளாகவும் இனங்களாகவும் உடைந்து கிடக்கும் ஒரு நாட்டில் எல்லாத் தரப்பும் ஆட்சேபணையின்றி ஒப்புக்கொள்ளக்கூடிய தகுதி வயது ஒன்றுதான் போலும். ஷியா வயது, ஸுன்னி வயது என்று கிடையாது. அதை யாரும் ஓட்டுப் போட்டுக் கொடுக்கவில்லை. யாரும் பேரம் பேசி வாங்கவுமில்லை.

2006 மார்ச் 16 அன்று பாக்தாதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அத்னான் பச்சாச்சி. அப்போது அவருக்கு வயது 82. அறுபதுகளில் ஈராக்கின் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர். பின்னர் நீண்ட காலம் வெளிநாட்டில் கழித்துவிட்டு, முதிய வயதில் ஊர் திரும்பியவர். மதப்பிரிவின் பெயரால் ஓட்டுக் கேட்காத ஒரு பட்டியலின் வழியாகச் சபைக்கு வந்தவர். தேர்தல் நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று வாரங்களுக்கு முன், பிப்ரவரி 22 அன்று, சமாராவில் ஷியாக்களின் புனிதத் தலமான அஸ்கரி மசூதியின் பொன் குவிமாடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டிருந்தது. அதன் பின் பழிக்குப் பழியாகக் கொலைகள். கூட்டம் நடந்த அன்று பாக்தாத் தெருக்களில் வாகனங்கள் ஓடத் தடை விதித்திருந்தார்கள். பச்சாச்சி பேச ஆரம்பித்தார். நாடு ஆபத்தில் இருக்கிறது, இங்கே உள்நாட்டுப் போர் வராது என்பதை நாம் உலகத்துக்குக் காட்டியாக வேண்டும் என்ற தோரணையில் பேச்சு போயிற்று. ஷியா அணியின் தலைவரான அப்துல் அஜீஸ் அல்-ஹக்கீம் குறுக்கிட்டார். இது அரசியல் பேச்சு, இந்தச் சந்தர்ப்பத்துக்குப் பொருந்தாது என்பது அவருடைய ஆட்சேபணை. அங்கத்தினர்கள் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். அரைமணி நேரத்தில் கலைந்தார்கள். தலைவர் யார் என்பதில் உடன்பாடு ஏற்படாததால், கூட்டம் முடியவில்லை, திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கூட்டம் ஏப்ரல் 22 வரை திறந்தே இருந்தது.

ஹக்கீமின் ஆட்சேபணையைச் சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. சட்டத்தின் கண்ணில் அவர் பக்கம் நியாயம் உண்டு. மூத்தவரின் வேலை கூட்டத்தை நடத்துவது, உபதேசம் செய்வதல்ல. எந்தத் தரப்பையும் சேராத நாற்காலியில் இருந்துகொண்டு தரப்புகளைப் பற்றிப் பேசினால் நாற்காலியும் ஒரு தரப்பாகிவிடும். இவ்வளவும் சரி. ஆனால், வெளியே பிணங்கள் விழுந்துகொண்டிருக்கும் ஒரு நாளில், நாம் ஒருவரையொருவர் கொல்லாமல் இருக்க வேண்டும் என்பது ஒரு சபையில் முறை தவறிய பேச்சாகிவிடுமானால், அந்தச் சபையில் பேசத்தக்கதாக மிச்சமிருப்பது என்ன? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதவிகளைப் பங்கு பிரிப்பது மட்டும்தான் மிச்சம் என்று தோன்றியது. ஈராக்கியர் இதற்கு முஹாஸஸா என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பங்கீடு என்று பொருள். ஜனாதிபதி குர்து, பிரதமர் ஷியா, சபைத் தலைவர் ஸுன்னி. அரசியல் சட்டத்தின் எந்த ஷரத்திலும் இது கிடையாது. சபையில் இருப்பவர்கள் மொத்த ஈராக்கிய மக்களின் பிரதிநிதிகள் என்றுதான் சட்டம் சொல்கிறது. எழுதியதை ஒதுக்கிவிட்டு, எழுதாததைப் பிசகாமல் அனுசரித்து வந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் வந்தது. மனிதனை அவன் பிறப்பால் எண்ணுவது கேவலம் என்ற கோபம். அந்தக் கோபத்தைக் கொஞ்ச நாள் ரசித்துக்கொண்டும் இருந்தேன். பிறகு அதன் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. நான் பிறந்து வளர்ந்த இடத்தில் 'நீ எந்தப் பக்கம்?' என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதை என் மனத்தின் விசாலம் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. எண்ணிக்கையில் பெருத்த கூட்டத்துக்குள் பிறந்தவனுக்குத் தன் கூட்டம் கண்ணில் படுவதில்லை. 'நான் வெறும் மனிதன்' என்று அவன் சொல்லிக்கொள்ளலாம். செலவு எதுவும் இல்லை. அதே வாக்கியத்தைச் சிறு கூட்டத்தில் பிறந்தவன் சொன்னால், அவனுடைய பங்கு அவன் கண் முன்னாலேயே காணாமல் போய்விடும்.

2005 ஜனவரி 30 தேர்தலைப் பார்த்தால் இது விளங்கும். நாடு முழுவதும் ஒரே தொகுதி. எந்தப் பிரிவுக்கும் ஒதுக்கீடு இல்லை. ஓட்டு எவ்வளவோ அவ்வளவு இடம். கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஸுன்னி அரேபியர்களில் பெரும்பாலோர் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். பகிஷ்கரிக்காதவர்களில் பலர் பயத்தில் வெளியே வரவில்லை. அன்பார் மாகாணத்தில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 2 பேர். 275 பேர் கொண்ட சபையில் ஸுன்னி அரேபியர் 20 பேர்கூடத் தேறவில்லை. நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுத வேண்டிய சபை அது. வராதவர்கள் வராதது அவர்கள் குற்றம் என்று மற்றவர்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சபைத் தலைவர் ஸ்தானத்துக்கு ஒரு ஸுன்னியைத் தேடினார்கள். முதலில் கேட்கப்பட்ட காஸி அல்-யாவர் மறுத்துவிட்டார். மார்ச் 29 கூட்டத்தில் கூச்சல் எழவே பத்திரிகைக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஒன்றும் தீராமல் கலைந்தார்கள். ஏப்ரல் 3 அன்று ஹாஜிம் அல்-ஹஸனி தேர்வானார். சட்டம் எழுதும் 55 பேர் குழுவில், யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத 15 ஸுன்னிகளைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். ஜனநாயகக் கணக்குப்படி இது முறைகேடு. ஆனால் அன்று ஈராக்கில் நடந்தவற்றுள் மிகவும் நியாயமான காரியங்களில் ஒன்று என்றே எனக்குப் படுகிறது. வாசலில் நின்று 'யார் வரவில்லை?' என்று கேட்டார்கள். அப்படிக் கேட்பதற்குப் பிரிவின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆக, என் கோபம் பாதி தோற்றது. மீதிப் பாதியைக் காப்பாற்றியது இன்னொரு தகவல்.

2003 ஜூலையில், ஆக்கிரமித்திருந்த அமெரிக்கர்களின் கீழ் 25 பேர் கொண்ட ஆட்சிக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. 13 ஷியாக்கள், 5 ஸுன்னி அரேபியர், 5 குர்துகள், ஒரு துருக்கமானியர், ஒரு அஸிரியக் கிறிஸ்தவர். அந்தப் 13 பேரில் ஒருவர் ஹமீத் மஜீத் மூசா. ஈராக் கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளர். மதத்தின் பெயரால் மனிதர்களைப் பிரிப்பதை எதிர்த்து வந்த ஒரு கட்சியின் தலைவர், பிறந்த வீட்டை வைத்து ஷியாவாக எண்ணப்பட்டார். அவர் என்ன படித்தார், எதை நம்பினார், எதற்காக வாழ்ந்தார் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. தகப்பன் யார் என்பது போதுமானதாக இருந்தது. அவர் உள்ளே போகாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் அவருடைய கட்சிக்குக் குரலே இருந்திராது. போனதால் குரல் கிடைத்தது, தன்னுடையதல்லாத ஒரு பெயரில்.

பிரதிநிதி என்பவன் யார்? வர முடியாத ஒருவனுக்குப் பதிலாக வந்திருப்பவன். இதில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. வராதவனின் இடத்தில் உட்காருவது ஒன்று. அவன் இங்கே வந்து, மற்றவன் சொல்வதையும் கேட்டிருந்தால் எப்படி யோசித்திருப்பானோ அப்படி யோசிப்பது இரண்டாவது. பங்கீடு முதல் காரியத்தை ஒழுங்காகச் செய்துவிடுகிறது. இரண்டாவதை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. கொள்கையின் பேரில் வந்தவன் தன் கொள்கையைத் திருத்திக்கொள்ளலாம். ஊரின் பேரில் வந்தவன் ஊருக்குப் போய், 'நாம் நினைத்தது தப்பு' என்று சொல்லிப் பார்க்கலாம். பிறப்பின் பேரில் வந்தவன் எதைத் திருத்திக்கொள்வான்? எதிரில் இருப்பவன் சொல்வது சரி என்று அவனுக்குப் படுகிற கணம், அவன் கூட்டத்தார் கண்ணில் துரோகத்தின் கணமாகிவிடுகிறது. ஒருவரும் மனம் மாற முடியாத சபையில் பேச்சு எதற்கு? வாசலிலேயே தலைகளை எண்ணிவிட்டு அனுப்பிவிடலாம். கிட்டத்தட்ட அப்படித்தான் அனுப்பினார்கள். 2010 ஜூன் 14 அன்று கூடிய அடுத்த பாராளுமன்றமும் இருபது நிமிஷத்துக்குள் கலைந்தது. மறுபடியும் 'திறந்த கூட்டம்'. அக்டோபர் 24 அன்று நீதிமன்றம் இது சட்டத்துக்குப் புறம்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. மண்டபம் பூட்டிக் கிடக்க, கூட்டம் மட்டும் திறந்திருந்தது. உண்மையான பேச்சு தலைவர்களின் வீடுகளில் நடந்தது.

இது தற்காலிகம்தானே, ரணம் ஆறும் வரைதானே என்று சிலர் சொல்வார்கள். லெபனானைப் பார்க்க வேண்டும். அதன் 1926 அரசியல் சட்டத்திலேயே, மதப்பிரிவுகளுக்கிடையே பதவிப் பங்கீடு தற்காலிக ஏற்பாடு என்று எழுதியிருந்தார்கள். 1943இல் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம் என்று சபையில் விகிதம் வகுத்தார்கள். அதனால் சபையின் அளவு எப்போதும் பதினொன்றால் வகுபட வேண்டியிருந்தது: 55, 77, 44, 66, 99. ஜனங்களின் தொகைக்குத் தக்கபடி சபை என்பது போய், வாய்பாட்டுக்குத் தக்கபடி சபை. 1932க்குப் பிறகு அங்கே ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்படவே இல்லை. எடுத்தால் விகிதம் பொய்த்துவிடும் என்ற பயம். பதினைந்து வருஷ யுத்தத்தின் கடைசியில், 1989இல் தாயிஃப் நகரில் ஆறுக்கு ஐந்து என்பதைச் சரிபாதியாக்கினார்கள். இந்தப் பங்கீட்டையே ஒழிப்பது லட்சியம் என்றும் எழுதினார்கள். 'தற்காலிகம்' என்று எழுதியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஏற்பாடு அவர்களுக்குப் பின்னும் நீடித்தது.

பங்கீட்டை ஒரேயடியாக நிராகரிக்க எனக்கு அருகதை இல்லை. அன்று பாக்தாதில் உயிரோடு இருப்பதே பிரயத்தனமாக இருந்தவனிடம் போய், 'உன் பிரிவின் பெயரை மற' என்று சொல்ல நான் யார்? நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வாசலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உள்ளே போனதும் கைவிட வேண்டிய கேள்வியும் அதுவேதான். கைவிடுவதற்கு எந்தச் சட்டத்தாலும் விதி செய்ய முடியாது. துரோகி என்று பெயரெடுக்கத் துணிந்த ஒருவன் அதைச் செய்தால் உண்டு. அப்படி ஒருவன் நின்று பேச ஒரு இடம் வேண்டும், சில நிமிஷங்களுக்காவது. மூத்தவரின் நாற்காலி தற்செயலாக அப்படி ஒரு இடமாக அமைந்திருந்தது.

2019 அக்டோபரில் பாக்தாதின் தஹ்ரீர் சதுக்கத்திலும் தெற்கு நகரங்களிலும் இளைஞர்கள் திரண்டார்கள். பெரும்பாலும் ஷியாக் குடும்பத்துப் பிள்ளைகள். பங்கீட்டில் பெரும் பங்கு யாருக்குப் போயிற்றோ அவர்களுடைய பிள்ளைகள். 'எங்களுக்கு ஒரு தேசம் வேண்டும்' என்பது அவர்கள் கோஷம். தங்கள் பெயரால் வாங்கப்பட்ட பங்கு தங்களுக்கு வந்து சேரவில்லை என்று கண்டுகொண்டவர்கள். நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பச்சாச்சி அந்த நவம்பரில் அபுதாபியில் காலமானார். முறை தவறிய பேச்சு என்று 2006இல் பாதியில் நின்றது, மண்டபத்துக்கு வெளியே தெருவில் தொடர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதில் ஒரு அற்ப ஆறுதல் இருக்கிறது. செத்தவர்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

2022 ஜனவரி 9 அன்று மறுபடியும் ஒரு புதிய பாராளுமன்றம். இந்தத் தடவை மூத்தவர் மஹ்மூத் அல்-மஷ்ஹதானி. 2006இல் முப்பத்தேழு நாள் காத்திருப்புக்குப் பின் ஸுன்னிப் பங்காகச் சபைத் தலைவரானவர் அவர்தான். இப்போது தகராறு ஷியாவுக்கும் ஸுன்னிக்கும் இடையில்கூட அல்ல. எது பெரிய அணி என்று ஷியாக் கட்சிகள் தங்களுக்குள் மோதிக்கொண்டன. பங்கு கைக்கு வந்த பிறகு, சண்டை பங்காளிகளுக்குள் வந்துவிடுகிறது. தள்ளுமுள்ளுக்கு நடுவே மஷ்ஹதானிக்கு உடல்நிலை சரியில்லாமல் போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட்டம் இன்னொருவர் தலைமையில் நடந்து முடிந்தது. 2024 அக்டோபர் 31 அன்று அவர் திரும்பவும் சபைத் தலைவராகத் தேர்வானார், அதே பங்கில். பிரிவின் பேரில் அந்த நாற்காலி அவருக்கு இரண்டு தடவை கிடைத்தது. வயதின் பேரில் ஒரு தடவை கிடைத்தது. அதில்தான் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.