மௌனம் சம்மதம் என்றால்

தீமையைத் தன் கையால் செய்யாதவன், அது தன் வாசலில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கும் அதில் பங்கு உண்டா? மதங்கள் பலவும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன. சாதாரணக் குடிமகனுக்கு இதிலிருந்து நழுவ ஒரு வழி இருக்கிறது: ‘அதற்குத்தான் போலீஸ் இருக்கிறதே’ என்று சொல்லிவிடலாம். போலீஸே வேண்டாம் என்று ஊர் அமைத்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்குள் இருக்கும் கிறிஸ்டியானியா அப்படிப்பட்ட ஊர். 1971இல், ராணுவம் கைவிட்டுப் போன படைமுகாமின் வேலியைத் தாண்டி உள்ளே போனவர்கள் அங்கேயே குடியேறினார்கள். சுமார் 34 ஹெக்டேர் நிலத்தில் இன்று ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். ஊர் விவகாரங்களைப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கிறது. அங்கே வாக்கெடுப்பு இல்லை; எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுவதே முறை. இந்த முறைக்குள் ஒரு கனமான விளைவு ஒளிந்திருக்கிறது. ஒருவர் மறுத்தாலே முடிவு நிறைவேறாது என்றால், மறுக்காமல் இருப்பவர் ஒவ்வொருவரும் நடப்பதற்கு ஒப்புதல் தந்தவர் ஆகிறார். மௌனம் சம்மதம் என்பது வேறு இடங்களில் பேச்சு வழக்கு. அங்கே அதுவே அரசியல் சட்டம்.

இந்தப் பொறுப்பை அந்த ஊர் ஒருமுறை முழுமையாகச் சுமந்து காட்டியது. எழுபதுகளின் இறுதியில் ஹெராயின் உள்ளே புகுந்தது. ஓராண்டுக்குள் பத்துப் பேர் செத்தார்கள். முதலில் ஊரார் போலீஸின் உதவியைத்தான் நாடினார்கள். போலீஸோ ஹெராயினை விட்டுவிட்டு கஞ்சாப் பிசினான ஹஷீஷை விற்பவர்களைக் குறிவைத்தது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்த ஊர் மக்கள், 1979இல் நாற்பது நாள் இரவும் பகலும் தாங்களே காவல் இருந்தார்கள். ஹெராயினை விடு, அல்லது ஊரை விடு என்பதே நிபந்தனை. விற்றவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அடிமைப்பட்டுக் கிடந்தவர்களில் பலர் சிகிச்சைக்குப் போனார்கள். துப்பாக்கியும் சிறையும் இல்லாமல் இது எப்படி முடிந்தது? பழிச்சொல்லுக்கு அஞ்சும் மனம் அங்கே வேலை செய்தது. நாளை காலை ரொட்டிக் கடையில் யார் முகத்தில் விழிப்பது என்ற கூச்சம், நீதிபதியின் தீர்ப்பைவிட ஆழமாக அறுக்கும். எதிரே நின்றவர்களில் பலர் முகம் தெரிந்தவர்களாக இருந்ததால்தான் அது அறுத்தது.

அதே ஊரில் புஷர் ஸ்ட்ரீட் என்ற தெருவில் ஹஷீஷ் மட்டும் பல ஆண்டுகள் பகிரங்கமாக விற்கப்பட்டது. கடினமான போதைப்பொருள் கூடாது, ஆயுதம் கூடாது, வன்முறை கூடாது, மோட்டார் சைக்கிள் கும்பல்களின் சின்னம் கூடாது என்றெல்லாம் விதி இருந்தது. ஆனால் பணம் பெருகப் பெருக, விற்பனை வெளியூர்க் கும்பல்களின் பிடிக்குள் போனது. அவர்களுக்கு அந்த ரொட்டிக் கடை இல்லை. அந்தக் கூச்சமும் இல்லை. தெருவில் தொங்கிய அறிவிப்புப் பலகை மூன்று விதி சொன்னது: மகிழ்ச்சியாக இருங்கள்; ஓடாதீர்கள், பீதி கிளம்பும்; படம் எடுக்காதீர்கள், இந்த வியாபாரம் இன்னமும் சட்டவிரோதம். யாராவது ஓடினால் போலீஸ் வந்துவிட்டது என்று எல்லோரும் பதறுவார்கள். சுதந்திரத்துக்காக எழுந்த ஊரில் ஒரு குழந்தை தெருவில் ஓடக் கூடாது என்ற நிலை வந்துவிட்டது. அந்தப் பலகையைப் படித்தபடி கடந்து போன ஒவ்வொரு நாளும் ஊர் தன் சம்மதத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை லேசானவை அல்ல. குற்றம் தடைச்சட்டத்தினுடையது, தடை இல்லாவிட்டால் கும்பலே இல்லை என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. 2004இல் போலீஸ் அந்தத் தெருவைத் துடைத்தெடுத்தபோது வியாபாரம் சாகவில்லை. நகரெங்கும் சிதறி, பிறகு திரும்பி வந்தது. ஆனால் நோய் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, என் வீட்டு நோயாளிக்கு நான் என்ன செய்தேன் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை சொல்லி இரண்டாவதிலிருந்து தப்ப முடியாது. கிறிஸ்டியானியாவையே கலைக்க நினைத்தவர்கள்தான் அந்தத் தெருவைக் காட்டிப் பழி சொன்னார்கள், அவர்களுக்கு எப்படிப் பணிவது என்பது இரண்டாவது மறுப்பு. பழிப்பவரின் உள்நோக்கம் கெட்டதாக இருக்கலாம்; அதனால் பழி பொய்யாகிவிடாது. மூன்றாவது மறுப்புதான் மனத்தைத் தைக்கிறது: துப்பாக்கி வைத்திருப்பவன் முன்னால் நிராயுதபாணி என்ன செய்வான்? அச்சம் குற்றத்தின் எடையைக் குறைக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அச்சம் ஒரே நாளில் வளர்வதில்லை. வியாபாரம் சிறிதாக, விற்பவர் தெரிந்தவராக இருந்த காலத்தில் பேசாமல் இருந்ததுதான் பின்னால் பேசவே முடியாத நிலையாக முற்றியது.

2016இல் அங்கே இரண்டு போலீஸ்காரர்களும் பொதுமக்களில் ஒருவரும் சுடப்பட்டார்கள். அடுத்த சில நாளில் ஊர் மக்களே ஹஷீஷ் கடைகளை உடைத்தெறிந்தார்கள். கடைகள் மறுபடியும் முளைத்தன. 2023 ஆகஸ்டில் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் செத்தார், நால்வர் காயமடைந்தனர். 2024 ஏப்ரல் 6 அன்று, நீதி அமைச்சரும் நகர மேயரும் உடனிருக்க, ஊரார் கடப்பாரையோடு கூடிப் புஷர் ஸ்ட்ரீட்டின் தளக்கற்களைத் தங்கள் கையாலேயே பெயர்த்தெடுத்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு கல்லை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அரசோடு கைகோத்ததால் தன்னாட்சி தோற்றுவிட்டது என்று சிலர் வருந்தலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூச்சம் அறியாதவர்களிடம் தங்கள் பழிச்சொல் செல்லாது என்று கண்டு, அந்த இடத்துக்கு மட்டும் துணை கேட்டார்கள். துணை கேட்பதும் ஊர் கூடி எடுத்த முடிவுதான். 1979இல் இரவெல்லாம் விழித்திருந்தவர்களும் 2024இல் கல்லைப் பெயர்த்தவர்களும் சொன்னது ஒன்றே: இது எங்கள் தெரு, இங்கே நடப்பது எங்களைச் சேரும். இடையில் கழிந்த நாற்பத்தைந்து ஆண்டுகளின் மௌனத்தையும் அவர்கள் தங்கள் கணக்கில்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதிக்கொள்ளும் துணிவு இருந்தால், அந்தத் தெருவில் குழந்தைகள் இனி ஓடலாம்.