அசையாமை அமைதியாகுமா?

கடலுக்குத் தொலைவிலுள்ள நமது பெங்களூரிலும், ரஸ்ஸல் மார்க்கெட் முதலிய அங்காடிகளில், கொடுக்குகள் கட்டப்பட்ட நண்டுகள் உயிருடன் விற்பனைக்கு வருகின்றன. அவை துடித்தால், அது வெறும் தசையின் இயக்கம் என்கிறோம். அசையாது கிடந்தால், அவற்றுக்கு நோவு தெரியாது என்கிறோம். இரு வழியும் அடைபட்டபின், அவ்வுயிர் தன் துன்பத்தை எவ்வாறு தெரிவிக்கும்?

நண்டின் இனத்தைச் சேர்ந்த நன்னீர்க் கல்லிறாலை ஆராய்ந்த அறிஞர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். அச்சுறுத்தும் மாற்றம் நேரும்போது, அதன் கால்கள் அசையாதிருப்பினும் இதயத் துடிப்பு மாறுவதுண்டு. ஆகவே உறுப்பின் ஓய்வு உள்ளத்தின் ஓய்வன்று. 2014-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டார் செய்த சோதனை இன்னும் தெளிவானது. மின்னதிர்ச்சி பெற்ற கல்லிறால்கள், அதிர்ச்சி நீங்கிய பின்னரும் வெளிச்சமான வழிகளை விலக்கி இருளையே நாடின. மனிதரின் பதற்றத்தைத் தணிக்கும் மருந்தைச் செலுத்தியதும் அவ்விலகல் அகன்றது. தூண்டுதல் போனபின்பும் நிலைத்து நின்று, நடத்தையை மாற்றி, மருந்தால் தணியும் ஒன்றை வெறும் தசைத் துடிப்பு எனல் பொருந்துமா?

இதனால் அவ்வுயிர் நம்மைப்போலவே துயருறுகின்றது என்பது முடிந்த முடிபாகிவிடாது. ஆயினும் ஐயம் எழுந்துவிட்டது. “வினைக்கு எண்ணமே மூலம், துன்புறுத்தும் எண்ணம் எனக்கில்லையே” என்று சிலர் கூறுவர். பகவான் புத்தர் எண்ணத்தை வினையென்றது மெய்யே. ஆனால் ஐயத்தை அறிந்தும் ஆராய மறுப்பதும் ஓர் எண்ணமன்றோ? தவறாக இரங்கினால் நாம் இழப்பது சிறிது உழைப்பு. தவறாக இரங்காதிருந்தால் அவ்வுயிர் கொதிநீரில் படுவது பெருந்துன்பம்.

1960-ஆம் ஆண்டின் இந்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதன் நீங்கலான எவ்வுயிரையும் விலங்கு என்றே வரையறுக்கின்றது. உணவுக்காகக் கொல்லும்போதும் தேவையற்ற வேதனை கூடாதென்கின்றது. சுவிட்சர்லாந்து 2018-இல் கல்லிறாலை உயிரோடு கொதிநீரிலிடுவதைத் தடுத்தது. பிரிட்டன் 2022-இல் நண்டினத்தை உணர்வுடைய உயிர்களோடு சேர்த்தது.

சட்டம் கையைத் தடுக்கலாம். கண்ணைத் திறப்பது நம் கடன். கொல்லாமையை மேற்கொண்டோர் நண்டை வாங்காதிருப்பர். அந்நிலையை எய்தாதோரும், அதனை உயிரோடு கொதிநீரில் இடுவதையேனும் இன்றே கைவிடலாம். கொடுக்கைக் கட்டியவர் நாம். அது கைகூப்பி வேண்டவில்லையே என்று காத்திருப்பது அறமாகாது.