அடக்குவதும் ஆற்றுவதும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடம் சுற்றுக்கு 3.7 கிலோமீட்டர். வீட்டுக் காரை அங்கே முதன்முறை விரட்டி ஓட்டுகிறவருக்கு முதல் இரண்டு சுற்றும் பரவசம். நாலாவது, ஐந்தாவது சுற்றில் ஒரு வாடை மூக்கில் ஏறும். பிசின் கருகும் வாடை. அடுத்த வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தால் பெடல் கல்லாக நிற்கும், கார் நிற்காது.

சில வண்டிகளில் இதற்கு நேர்மாறு. பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரைவரை போய்விடும். முன்னதில், பிரேக் பேடைக் கட்டிவைத்திருக்கும் பிசின் சூட்டில் ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய படலமாகிவிடுகிறது. பின்னதில் பிரேக் ஆயிலே கொதிக்கிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் விசையெல்லாம் குமிழிகளைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஆனால் காற்றின் ஈரத்தை அது சத்தமில்லாமல் குடித்துக்கொண்டே இருக்கும். நூற்றில் நாலு பங்குகூடத் தண்ணீர் சேரவேண்டாம், அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும்.

இரண்டிலும் ஓட்டுநரின் காலில் குறையில்லை. முழு பலத்தோடுதான் மிதித்தார். சமயங்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இங்கே வேறு உருவில் எதிரே வருகிறது: ஆசையையும் சினத்தையும் அடக்குவது மனவலிமையின் வேலை மட்டும்தானா? அடக்க முடியாமல் தோற்றவன் போதிய அளவு மிதிக்காதவனா?

கடோபநிஷத்து உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், அறிவைச் சாரதியாகவும் காட்டுகிறது. பொங்கும் சினத்தை நிறுத்துகிறவனையே தேரோட்டி என்று தம்மபதம் ஏற்கிறது. அழகான உருவகங்கள். ஆனால் இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் மனத்தில் இழுத்துப் பிடிக்கும் கைதான் பதிந்திருக்கிறது. பிடித்து நிறுத்திய வேகம் பிறகு எங்கே போயிற்று என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

அது எங்கும் அழிந்துபோவதில்லை, சூடாக மாறுகிறது. 1,500 கிலோ எடையுள்ள கார் 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 72க்கு இறங்க மூன்று நான்கு வினாடி போதும். அதற்குள், ஏறத்தாழ நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு சூடு பிறக்கிறது. அதில் பெரும்பங்கு பிரேக்குகளில்தான் இறங்குகிறது. திருவாரூர் ஆழித்தேர் சுமார் 300 டன். அது வினாடிக்கு அரை மீட்டர் நகர்வதாக வைத்துக்கொண்டால், 180இல் போகும் அந்தச் சின்னக் காரிடம் தேரைப்போல் ஐம்பது மடங்கு இயக்க ஆற்றல் இருக்கும். எடை இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. திருச்சி பெல் நிறுவனம் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தும் முன், அத்தனை பெரிய தேரை முட்டுக்கட்டைகளே நிறுத்தி வந்ததன் ரகசியம் இதுதான்.

பந்தய உலகம் இந்தச் சூட்டோடு போராடித்தான் டிஸ்க் பிரேக்கைக் கண்டடைந்தது. பழைய டிரம் பிரேக்கில் உராய்வு ஒரு மூடிய கிண்ணத்துக்குள் நடக்கும். சூடேறினால் கிண்ணம் விரிந்து, உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகிப்போகும். பெடலை இன்னும் ஆழமாக மிதிக்கவேண்டி வரும். டிஸ்க்கோ காற்றில் திறந்து சுழல்கிறது. 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப்பில் மணிக்குச் சராசரி 170 கிலோமீட்டர் வேகத்தில் வென்றார்கள். நேர்ச்சாலையின் கோடியில் மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் பிடிக்க அவர்களால் முடிந்தது. திறந்திருந்த பிரேக் ஒவ்வொரு முறையும் ஆறிக்கொண்டது.

ஆறுதல். தமிழில் இந்தச் சொல்லின் வீச்சு வியக்கவைப்பது. பால் ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். டீக்கடைக்காரர் உயரத் தூக்கி ஆற்றுவதும் இதுவே, துக்க வீட்டில் சொல்வதும் இதுவே. ஔவை ஆத்திசூடியில் சினத்துக்குத் தேர்ந்த வினை அடக்குதல் அல்ல, ஆறுதல். அடக்கும்போது சூடு உள்ளேயே தங்குகிறது, ஆற்றும்போது வெளியேற வழி கிடைக்கிறது. இந்த வேறுபாட்டை நோன்பு வகுத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஏகாதசி முழுக்கப் பட்டினி கிடந்தாலும், துவாதசியன்று பாரணை செய்யாமல் விரதம் நிறைவாகாது. சோணர் என்ற துறவி பாதம் கிழிந்து ரத்தம் கசியும்வரை நடந்து நடந்து தியானம் பழகியபோது, முறுக்கேறிய வீணை நரம்பைச் சொல்லி புத்தர் அவரைத் தளர்த்தினார். நல்ல பந்தய ஓட்டுநரும் அப்படியே: அழுத்தமாக, சுருக்கமாக மிதிப்பார், பிறகு காலை முழுதாக எடுத்துவிடுவார். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் இறங்குகிறவர்தான் பாதி மலையில் புகையைப் பார்க்கிறார். உள்ளூர்க்காரர் இரண்டாவது கியரில் வண்டியை இறக்குவார்.

சூடே தீது என்று இதற்குப் பொருள் கொண்டால் தவறு. தபஸ் என்ற வடசொல்லின் வேரே காய்தல், வெம்மை என்ற பொருளைத் தருவது. ஃபார்முலா ஒன் கார்களின் கார்பன் டிஸ்க்குகளும் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிப்பதில்லை. சில நூறு டிகிரி ஏறிய பின்தான் அவற்றின் முழுப் பிடிப்பும் வெளிப்படும். அந்த டிஸ்க்குகளின் உள்ளேயே காற்று ஓடுவதற்காக நூற்றுக்கணக்கான துளைகள் குடைந்திருப்பார்கள். கடுந்தவம் செய்தவர்களுக்கும் குரு, சங்கம், மழைக்கால ஓய்வு என்று பல வாசல்கள் இருந்தன. தனியாக, யாரிடமும் வாய்திறக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு சினத்தையும் குடியையும் வெல்லப் பார்த்துத் தோற்கிறவரை மனவுறுதி இல்லாதவர் என்று தூற்றுவது கொடுமை. அவர் மிதித்துக்கொண்டுதான் இருந்தார்.

இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டம் முடிந்ததும் அனுபவசாலிகள் நேரே உள்ளே வந்துவிடுவதில்லை. பிரேக்கை அநேகமாகத் தொடாமல் இன்னொரு சுற்று மெதுவாகப் போய், டிஸ்க்கில் காற்றுப் பட விடுவார்கள். நிறுத்திய பிறகும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கமாட்டார்கள்; கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் ஒரே இடத்தில் கவ்விக்கொண்டால் அந்த இடம் மட்டும் வெந்துபோகும். வண்டியை கியரில் விட்டுவிட்டு, டயருக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகுகிறார்கள், தேர்ச் சக்கரத்துக்குப் போடுவது போன்ற ஒரு முட்டுக்கட்டையை. சக்கரத்தின் இடுக்கு வழியே சூடு அலையலையாக மேலெழுந்துகொண்டிருக்கிறது.